வியன்னாவின் குழாயடி

வியன்னாவில் யு4 ரயிலின் கடைசி நிறுத்தம் ஹைலிகன்ஸ்டாட். நிலையத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் எதிரே ஒரு கட்டடம் தொடங்குகிறது. இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் அது முடிவதாகத் தெரியவில்லை. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஊரே நுழைந்து போகலாம் போன்ற வளைவு வாசல்கள், அவற்றின் மேல் கோபுரங்கள், கொடிக்கம்பங்கள். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்று பெயர். கோட்டை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பால்கனிகளில் துணி காய்கிறது, தொட்டிச் செடிகள் இருக்கின்றன. 1,382 வீடுகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு அது. 1930 அக்டோபரில் திறந்தார்கள்.

நான் அந்த ஊருக்குப் போனதற்கு முக்கியக் காரணம் ஒரு சுவரெழுத்து. 1920களில் கட்டிய குடியிருப்புகள் பலவற்றின் முகப்பில், பெரிய சிவப்பு எழுத்துகளில் ஒரே வகை வாசகம் இருக்கும். வீட்டுக் கட்டுமான வரியின் நிதியிலிருந்து வியன்னா நகராட்சி இன்ன ஆண்டுகளில் கட்டியது என்று. அரசன் பெயர் கிடையாது. புரவலர் பெயர் கிடையாது. எந்த வரிப் பணம் என்பது மட்டும் இருக்கும். அந்த வாசகத்தைப் புத்தகத்தில் முதலில் படித்தபோதே மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் அடியில் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒண்டுக்குடித்தனத்தில். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். அதனால்தானோ என்னவோ, பழைய வியன்னாவின் 'பஸேனா'வைப் பற்றிப் படித்ததும் வேறு விளக்கம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. முதல் உலகப்போருக்கு முந்தைய வியன்னாவில், வாடகைக் குடியிருப்புகளின் நடைக்கூடத்தில் சுவரோடு பதித்த ஒரு இரும்புத் தொட்டியும் குழாயும் இருக்கும். அந்த மாடியில் உள்ளவர்கள் எல்லோருக்கும் அதுதான் தண்ணீர். கழிப்பறையும் அதே நடைக்கூடத்தில், பொதுவில். அறைகள் பல உள்முற்றத்தை நோக்கியவை, வெளிச்சமே புகாதவை. வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள் தங்கள் கட்டிலையே வேளைக் கணக்கில் வாடகைக்கு விட்டன. இரவு வேலை முடித்து வருபவர் பகலில் அந்தக் கட்டிலில் தூங்கிவிட்டுப் போவார். இப்படிப் படுக்கைக்கு மட்டும் வருபவர்களைக் குறிக்க வியன்னா ஜெர்மனில் தனிச் சொல்லே இருந்தது. காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்று பெயர் வந்ததும் இந்த வீடுகளால்தான்.

1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தது. ஐந்து கோடிப் பேரை ஆண்ட தலைநகரம், அறுபத்தைந்து லட்சம் பேர் கொண்ட சிறு நாட்டின் தலைநகரமானது. உடல் போய்த் தலை மட்டும் மிஞ்சியது என்று அன்றே சொன்னார்கள். நிலக்கரியும் கோதுமையும் சர்க்கரையும் வந்துகொண்டிருந்த பகுதிகள் இப்போது வெளிநாடுகள். பணவீக்கம் சேமிப்புகளைத் தின்றது. அந்த நிலையில், பெண்களும் வாக்களித்த 1919 மே நகராட்சித் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. 1922 தொடக்கத்தில் வியன்னா தனி மாநிலமானதும், தன் வரிகளைத் தானே விதிக்கும் உரிமை நகரத்துக்குக் கிடைத்தது.

இங்கேதான் ஹூகோ பிரைட்னர் வருகிறார். வங்கியில் உயர்பதவி வகித்துவிட்டு நகரத்தின் நிதிப் பொறுப்பை ஏற்றவர். அந்தக் காலத்தின் கவிஞர்களையும் ஓவியர்களையும் விட இந்த வரி விதிப்பாளர் மேல்தான் எனக்கு ஈர்ப்பு அதிகம். ஷாம்பெயின், பந்தயக் குதிரை, கார், வீட்டு வேலையாட்கள் என்று ஆடம்பரம் ஒவ்வொன்றின் மீதும் வரி போட்டார். 1923இல் வந்த வீட்டுக் கட்டுமான வரி எல்லோருக்கும் உண்டு. ஆனால் சிறிய வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிகக் கடுமை. மிக விலையுயர்ந்த அரை சதவீதக் கட்டடங்களே மொத்த வசூலில் 45 சதவீதம் அளவுக்குக் கட்டின. கடன் வாங்கிக் கட்டினால் வட்டி வாடகையில் வந்து விடியும். எனவே வரிப் பணத்திலேயே கட்டினார்கள். தொழிலாளியின் கூலியில் ஏறத்தாழ 4 சதவீதத்துக்குள் வாடகை அடங்கியது அதனால்தான். கல்கத்தா மேயராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1933இல் சிகிச்சைக்காக வியன்னா வந்தார். வந்த இடத்தில் இந்த நகராட்சி எப்படி இயங்குகிறது என்று ஆர்வத்தோடு விசாரித்து அறிந்ததில் வியப்பில்லை.

1934க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பெரும்பாலானவை சிறியவை, 38 அல்லது 48 சதுர மீட்டர். குளியலறை தனியே இல்லை, பொதுக் குளியல்கூடம்தான். இதை அன்றும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழாய் இருந்தது. கழிப்பறை இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தை நோக்கித் திறந்தது. கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம், மற்றது தோட்டமும் திறந்த வெளியும். உள்ளேயே சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை. நடைக்கூடக் குழாயடியில் பாதி வாழ்நாள் நின்ற ஒரு பெண், தன் சமையலறைக்குள்ளேயே முதன்முதலாகக் குழாயைத் திறந்த அந்தக் கணத்தைப் பற்றி எந்த வரலாற்று நூலும் போதிய அளவு எழுதவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நகரத்தின் மருத்துவத்தையும் நலத்துறையையும் நடத்தியவர் யூலியுஸ் டாண்ட்லர், உடற்கூறியல் பேராசிரியர். "வியன்னாவின் எந்தக் குழந்தையும் செய்தித்தாளின் மேல் பிறக்கக் கூடாது" என்று ஒரு முழக்கம் அப்போது இருந்தது. சுற்றத் துணியில்லாத வீடுகளில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. 1927 முதல், பிறக்கும் குழந்தைக்கு நகராட்சியே துணி மூட்டை கொடுத்தது. ஏழை என்று மனுப்போட வேண்டாம், எல்லோருக்கும் உண்டு. இதே டாண்ட்லர்தான் மனித உயிர்களைத் தகுதி பார்த்துத் தரம் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கருத்துகளையும் எழுதினார். 'பயனற்ற' உயிர்களைப் பேண ஆகும் செலவைக் கணக்குப் போட்டார். அவர் சார்ந்திருந்த கட்சியை நேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. குழந்தைக்குத் துணி தைத்த கையும் அந்தக் கணக்கை எழுதிய கையும் ஒன்றே.

பிரைட்னர் யூதர். 1930 அக்டோபரில் வலதுசாரித் துணை ராணுவமான ஹைம்வேரின் தலைவர் இளவரசர் ஷ்டாரெம்பெர்க் வியன்னாவில் ஒரு கூட்டத்தில் பேசினார்: இந்த ஆசியனின் தலை மணலில் உருண்டால்தான் வெற்றி நமதாகும் என்றார். பேசியவர் அப்போது நாட்டின் உள்துறை அமைச்சர். 'ஆசியன்' என்பது அங்கே வசைச்சொல். புடாபெஸ்டும் பிராகும் வியன்னாவும் கலந்து பிசைந்த ஒரு பண்பாட்டில் ஊறிய வங்கியாளரை, ஷாம்பெயினுக்கு வரி போட்டதற்காக, அந்தச் சொல்லால் அழைத்தார்கள். ஆசியாவில் பிறந்தவளாக அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

இதே நகரத்தில், இதே ஆண்டுகளில், ஓட்டோ நாய்ராத் என்றொருவர் இருந்தார். பொருளியல் அறிஞர், ஆறடிக்கு மேல் உயரம், பெருத்த உடம்பு, இடி போன்ற குரல். நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களின் கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு யானையை வரைவார். போருக்குப் பின் நகர விளிம்பில் நிலத்தைப் பிடித்துக் குடிசை போட்ட மக்களின் இயக்கத்தில் வேலை செய்தவர். 1925இல் நகராட்சி உதவியோடு ஒரு அருங்காட்சியகம் திறந்தார். சமூகத்துக்கும் பொருளாதாரத்துக்குமான அருங்காட்சியகம். உள்ளே பழைய வாள் இல்லை, மகுடம் இல்லை. எத்தனை குழந்தைகள் இறக்கின்றன, எத்தனை வீடுகள் எழுந்தன, உலகின் இரும்பு எங்கே உருக்கப்படுகிறது என்பவற்றைப் படங்களாகச் சுவரில் மாட்டினார். அவர் வகுத்த விதி மிக எளிமையானது: அதிக எண்ணிக்கையைக் காட்டப் படத்தைப் பெரிதாக வரையாதே, அதே படத்தை அதிக முறை வரை. பெரிதாக்கிய படம் கண்ணை ஏமாற்றும். எண்ணிப் பார்க்கக்கூடிய படம் ஏமாற்றாது. ஆராய்ச்சியாளர் தரும் எண்களை எப்படிப் படமாக்குவது என்று தீர்மானித்தவர் மாரீ ராய்டமைஸ்டர். வரைந்தவர்களில் முதன்மையானவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். இன்று விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் நாம் பார்க்கும் சின்னஞ்சிறு மனித உருவங்களின் வம்சாவளியைத் தேடினால் இவர்களிடம் போய்ச் சேரலாம்.

வியாழக்கிழமை மாலைகளில் நாய்ராத் வேறொரு இடத்தில் இருப்பார். போல்ட்ஸ்மன் வீதி 5ஆம் எண் கட்டடத்தில், கணிதத் துறையின் ஓர் அறை. தத்துவப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்லிக் கூட்டும் விவாதக் கூட்டம். கணித மேதை ஹான்ஸ் ஹான், அவருடைய தங்கையும் நாய்ராத்தின் மனைவியுமான ஓல்கா (பார்வையிழந்தவர், தர்க்கவியலாளர், சுருட்டுப் பிடிப்பவர்), ருடால்ஃப் கார்னாப், ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இளைஞர் கர்ட் கோடல். பின்னாளில் 'வியன்னா வட்டம்' என்று உலகம் அழைத்தது இவர்களைத்தான். சரிபார்க்க வழியில்லாத வாக்கியம் ஆழமாகத் தோன்றலாம், ஆனால் அதில் பொருள் இல்லை என்பது அவர்கள் வாதம். விவாதத்தில் யாராவது வழுக்கினால் நாய்ராத் "மெட்டாபிசிக்ஸ்!" (அப்பாலைத் தத்துவம், அதாவது அனுபவத்துக்கு எட்டாததைப் பற்றிய பேச்சு) என்று கத்துவார். அடிக்கடி கத்தவே, அதன் முதலெழுத்தான 'எம்' என்று முனகினால் போதுமே என்று ஹான் யோசனை சொன்னார். அதைவிட, அப்பாலைத் தத்துவம் பேசாதபோது 'எம் இல்லை' என்று சொல்வது மிச்சமாக இருக்கும் என்று நாய்ராத் பதில் சொன்னார்.

அவர்கள் வியந்து படித்த தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் அந்தக் கூட்டங்களுக்கு வரவில்லை. ஷ்லிக்கையும் இன்னும் சிலரையும் தனியே சந்தித்தார். தத்துவம் பேசக் காத்திருந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சில நாட்கள் தாகூரின் கவிதைகளை வாய்விட்டு வாசித்தார். பொருளுள்ள வாக்கியத்தின் எல்லை எது என்று கேட்டவர்களுக்கு வங்காளத்தின் கவிதை பதிலாக வந்தது. அந்த அறையில் ஒரு மூலையில் இருந்திருக்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கம்.

தத்துவ நூல்கள் இந்த வட்டத்தைத் தனியே எடுத்து வைத்துப் பேசுகின்றன. நகர வரலாற்று நூல்கள் குடியிருப்புகளைத் தனியே பேசுகின்றன. வியன்னாவில் நடந்து திரிந்த பிறகு எனக்கு அவற்றைப் பிரிக்க முடியவில்லை. 1929இல் வட்டம் வெளியிட்ட அறிக்கையே, தன் சிந்தனையை அன்றாட வாழ்க்கையைச் சீரமைக்கும் முயற்சிகளோடு சேர்த்துத்தான் வைக்கிறது. 'ரத்தம்', 'மண்', 'மக்களின் ஆன்மா' என்ற சொற்கள் தெருவில் ஊர்வலம் போன காலம் அது. இந்த வாக்கியத்தை எப்படிச் சரிபார்ப்பாய் என்று கேட்பதும், இந்த வீட்டில் தண்ணீர் எங்கே வருகிறது என்று கேட்பதும் நாய்ராத்துக்கு ஒரே வேலையாக இருந்தன. ஷ்லிக்குக்கு அப்படி இல்லை. அவர் பெர்லினில் பிறந்த, மென்மையான, அரசியலிலிருந்து ஒதுங்கி நின்ற மனிதர். அந்த அறிக்கையின் தொனி அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னால் நடந்ததை நினைக்கும்போது அதுவே அதிகம் வலிக்கிறது.

அறிவைப் பற்றி நாய்ராத் சொன்ன உவமை புகழ்பெற்றது. நாம் நடுக்கடலில் கப்பலைச் செப்பனிடும் மாலுமிகள். கரையேற்றிப் பிரித்து நல்ல மரங்களால் புதிதாகக் கட்டும் வசதி நமக்கு இல்லை. மிதந்துகொண்டே பலகை பலகையாக மாற்ற வேண்டும். இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலம் என்று நாம் அந்த ஆண்டுகளைச் சொல்கிறோம். அவர்களுக்கு அது போருக்குப் பிந்தைய காலம், அவ்வளவுதான். இன்னொரு போர் வரும் என்று தெரிந்துகொண்டு யாரும் ஆயிரத்து முந்நூறு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள்.

கடல் கொந்தளிக்கிறது என்பது 1927லேயே தெரிந்தது. அந்த ஜனவரியில் ஷட்டென்டோர்ஃப் என்ற கிராமத்தில் வலதுசாரிப் படையினர் சுட்டதில், போரில் ஊனமுற்ற ஒருவரும் எட்டு வயதுச் சிறுவனும் இறந்தார்கள். ஜூலை 14 அன்று நடுவர்கள் சுட்டவர்களை விடுவித்தார்கள். மறுநாள் காலை தொழிலாளர்கள் யாரும் அழைக்காமலே நகர மையத்துக்கு வந்தார்கள். நீதி மாளிகை எரிந்தது. மேயர் கார்ல் ஸைட்ஸ் தீயணைப்பு வண்டியின் மேல் ஏறி நின்று வழிவிடச் சொல்லி மன்றாடினார். கூட்டம் விடவில்லை. போலீஸ் சுட்டது. அன்று இறந்தவர்கள் 89 பேர். அந்தக் கூட்டத்தில் இருந்த 21 வயது மாணவர் எலியாஸ் கனெட்டி, கூட்டம் என்றால் என்ன என்ற கேள்வியை அடுத்த முப்பது ஆண்டுகள் சுமந்தார்.

பிறகு பொருளாதாரம் சரிந்தது. 1931 மே மாதம் நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் விழுந்தது. வியன்னாவுக்குத் தென்கிழக்கே மரியந்தால் என்ற சிற்றூரில் நெசவாலை ஏற்கெனவே மூடிக்கிடந்தது. ஊரே வேலையிழந்தது. மாரீ யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்களின் குழு அங்கே போனது. ஓய்வு நேரத்தை மக்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய லாசார்ஸ்ஃபெல்ட் விரும்பியிருந்தார். இத்தனை பேர் வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வு நேரத்தையா ஆராய்வாய் என்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவர் கடிந்துகொண்ட பிறகுதான் மரியந்தால் வந்தது.

அவர்கள் ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், வீட்டில் அவர்களுக்கு வேலை குறையவில்லை. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூலகத்தில் கட்டணத்தை ரத்து செய்திருந்தார்கள், நேரமோ கொட்டிக்கிடந்தது. ஆனாலும் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு நாளை மணி வாரியாக எழுதித் தரச் சொன்னபோது ஒருவர், நாள் பாதி கடந்ததைப் பற்றி எழுதியது: "அதற்குள் மத்தியானம் ஆகிவிடும்." கையில் வேலையில்லாதவனுக்குக் கோபம் வரும், புரட்சி வரும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். மரியந்தாலில் அந்த ஆய்வாளர்கள் பார்த்தது ஆசையே சுருங்கிப்போன மனிதர்களை. அந்தக் கால ஐரோப்பாவைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு ஆய்வை வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். நூல் 1933இல் வந்தது. எழுதியவர்களில் யஹோடாவை 1936இல் ஆஸ்திரிய அரசு சிறையில் அடைத்தது. மறு ஆண்டு விடுதலையாகி நாட்டை விட்டே போனார்.

1933 மார்ச் 4. நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்புத் தகராறில் அவைத்தலைவர்கள் மூவரும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். அவை தன்னைத்தானே முடித்துக்கொண்டது என்று பிரதமர் டோல்ஃபஸ் அறிவித்தார். மீண்டும் கூட முயன்ற உறுப்பினர்களைப் போலீஸ் தடுத்தது. அன்றே எதிர்த்திருக்க வேண்டும், காத்திருந்தது பிழை என்று ஓட்டோ பவர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். தொழிலாளர் படை இருந்தது, ஆயுதம் இருந்தது, நகரம் இருந்தது. பேச்சுவார்த்தைக்கு வழி கிடைக்கும் என்று பதினோரு மாதம் காத்திருந்தார்கள்.

1934 பிப்ரவரி 12 அன்று லின்ஸ் நகரில் ஆயுதச் சோதனைக்கு வந்த போலீஸை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுட்டார்கள். வியன்னாவில் நண்பகலுக்குச் சற்று முன், மின் ஊழியர்கள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பொது வேலைநிறுத்தத்துக்கு அதுதான் அடையாளம். ஆனால் ரயில்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. ராணுவம் அவற்றில் வந்து இறங்கியது. கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள். குடும்பங்கள் உள்ளே இருந்தபோதே. நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது. படுகாயத்தோடு இருந்த ஒரு தொழிலாளர் தலைவரை, கார்ல் முனிக்ரைட்டரை, படுக்கையில் தூக்கிக்கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். மேயர் ஸைட்ஸ் நகர மன்றத்தில் கைதானார். குடியிருப்பைத் திறந்துவைத்த நாளில், நாங்கள் இல்லாமல் போன பிறகு இந்தக் கற்கள் எங்களுக்காகப் பேசும் என்று சொல்லியிருந்தவர் அவர்தான்.

அதே பிப்ரவரியில், வட்டத்தினர் பொதுமக்களுக்கு விரிவுரை நடத்திவந்த எர்ன்ஸ்ட் மாக் சங்கத்தையும் அரசு கலைத்தது. அதன் தலைவர் ஷ்லிக். எங்கள் சங்கத்துக்கு அரசியல் இல்லையே என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. பீரங்கி வைத்தவர்களுக்கு வீடும் வாக்கியமும் ஒரே எதிரி என்பது விளங்கியிருந்தது.

நாய்ராத் அப்போது மாஸ்கோவில் இருந்தார். ஆபத்தென்றால் இப்படித் தந்தி அடி என்று மாரீ ராய்டமைஸ்டரோடு முன்பே பேசி வைத்திருந்தார். கார்னாப் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று தந்தி வந்தது. கார்னாப் இருந்தது பிராகில். வியன்னாவுக்குத் திரும்பாமல் அந்த வழியாக ஹாலந்தின் ஹேக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். 1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் நுழைந்தபோது அவரும் மாரீயும் ஷெவெனிங்கன் துறைக்கு ஓடினார்கள். கரையை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஓர் உயிர்காப்புப் படகில் அளவுக்கு மீறிய கூட்டத்தோடு ஏறி, இங்கிலாந்து சேர்ந்தார்கள். அங்கே முதலில் கிடைத்தது எதிரி நாட்டவர்களுக்கான தடுப்பு முகாம்.

ஷ்லிக் வியன்னாவிலேயே இருந்தார். வெளிநாட்டு அழைப்புகளை முன்பே மறுத்தவர். 1936 ஜூன் 22 காலை, விரிவுரைக்குப் போகும் வழியில், பல்கலைக்கழகத்தின் மாடிப்படியில் முன்னாள் மாணவன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவன் முன்பே மிரட்டியவன், மனநல மருத்துவமனையில் இருந்தவன். சொந்தக் காழ்ப்பு என்று அதை விட்டிருக்கலாம். ஆனால் சில வாரங்களில் ஒரு கத்தோலிக்க இதழில் புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. அப்பாலைத் தத்துவத்தை மறுத்த அந்தப் போதனைதான் குற்றவாளி, யூதர்களுக்கு வேண்டுமானால் அவர்களுடைய தத்துவம் இருக்கட்டும் என்ற தொனியில். ஷ்லிக் யூதரே இல்லை. அதைச் சரிபார்க்க அந்தக் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை. பத்தாண்டுத் தண்டனை பெற்ற கொலையாளி, நாஜிகள் வந்ததும் 1938இல் வெளியே வந்தான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் அந்தப் படிக்கட்டுக்குப் போனேன். வழவழத்த கல் படிகள். தரையில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். மோரிட்ஸ் ஷ்லிக் இந்த இடத்தில் கொல்லப்பட்டார் என்றும், இனவெறியாலும் சகிப்பின்மையாலும் நஞ்சேறிய அறிவுச் சூழலுக்கும் அந்தச் செயலில் பங்குண்டு என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஒருமுறை படித்தேன். மேலே ஏதோ வகுப்பு முடிந்து மாணவர்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் நகர்ந்தேன். கடைசியாக வந்த ஒரு பெண் நான் எதைப் பார்க்கிறேன் என்று குனிந்து பார்த்தாள். நின்று, முழுவதும் படித்துவிட்டு இறங்கிப் போனாள்.